கூட்டம் கலைந்த பிறகு



இந்த அரங்கில் குடியிருப்போர் சங்கச் செயலாளர்கள் இருக்கிறீர்கள். கூட்டுறவுச் சங்க இயக்குநர்கள் இருக்கிறீர்கள். ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் சிலரும், கம்பெனிச் செயலாளர் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் பலரும் வந்திருக்கிறீர்கள். உங்கள் எல்லோர் கையிலும் என்றாவது ஒருநாள் ஒரு புத்தகம் வந்து சேரும். சிலர் அதை மினிட் புத்தகம் என்பீர்கள், சிலர் தீர்மானப் புத்தகம் என்பீர்கள். கூட்டம் முடிந்து, காபி குடித்து, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு அந்தப் புத்தகத்தில் என்ன எழுதப்படுகிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் நிர்வாகக் குழு கூடுகிறது. மொட்டை மாடியில் நீர்க்கசிவு, உடனே அடைத்தாக வேண்டும். "மூன்று ஒப்பந்தக்காரர்களிடம் விலைப்புள்ளி வாங்கி, குழுவின் முன் வைத்து, நான்கு லட்ச ரூபாய்க்கு மிகாமல் வேலையைக் கொடுக்கலாம்" என்று ஒருவர் முன்மொழிகிறார், இன்னொருவர் வழிமொழிகிறார். எல்லோரும் கை தூக்குகிறார்கள். பத்து நாள் கழித்துப் புத்தகத்தில் இப்படி ஏறுகிறது: "மொட்டை மாடி நீர்க்கசிவுப் பணியை நான்கு லட்ச ரூபாய் செலவில் மேற்கொள்ளச் செயலாளருக்கு அதிகாரம் அளிக்கப்பட்டது."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாடி இருக்கிறது, நான்கு லட்சம் இருக்கிறது, செய்யலாம் என்ற சம்மதமும் இருக்கிறது. மூன்று விலைப்புள்ளியைக் காணோம். குழுவின் முன் வைப்பதைக் காணோம். மிகாமல் என்ற சொல்லையும் காணோம். அதாவது, உச்சவரம்பாக இருந்த தொகை விலையாகிவிட்டது. குழுவுக்கு இருந்த அதிகாரம் ஒரு தனி மனிதருக்குப் போய்விட்டது. எழுதியவரைக் கேட்டால், "சார், சுருக்கமா எழுதினேன், கருத்து அதுதானே" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே கருத்து அதுதான் என்று தோன்றியிருக்கிறது. நான் அதிகம் கவலைப்படுவது இந்த இடத்தைப் பற்றித்தான்.

ஏனென்றால், கொள்ளையடிக்கும் எண்ணத்தோடு தீர்மானத்தைத் திருத்துகிறவர்கள் குறைவு. அவர்களைப் பிடிக்கப் போலீஸும் நீதிமன்றமும் இருக்கின்றன. நல்ல எண்ணத்தோடு திருத்துகிறவர்கள்தான் அதிகம். ஒருவர் மொழியைச் செப்பனிடுகிறேன் என்பார். இன்னொருவர், கூட்டத்தில் சூடு பறக்கப் பேசிய பேச்சு புத்தகத்தில் இருந்தால் மனஸ்தாபம் வளரும், கொஞ்சம் தணித்து எழுதுவோம் என்பார். மூன்றாமவருக்கு வங்கியிலிருந்து நெருக்கடி. கணக்கில் கையெழுத்திடும் அதிகாரத்தை மாற்ற வேண்டும். வங்கி தன் மாதிரி வாசகம் ஒன்றை நீட்டி, அதில் தீர்மான நகல் கொண்டுவரச் சொல்கிறது. கூட்டத்தில் நிறைவேறியது இரண்டு வரி. வங்கி கேட்பதோ ஒரு பக்கம், கடன் வாங்கும் அதிகாரம், பிணை கொடுக்கும் அதிகாரம் எல்லாம் அதற்குள் இருக்கும். அவர் லெட்டர்பேடில் அந்த ஒரு பக்கத்தையும் தட்டச்சு செய்து, மேலே கூட்டத் தேதியைப் போட்டு, கீழே "உண்மை நகல்" என்று கையெழுத்திட்டு அனுப்பிவிடுகிறார். எதன் உண்மை நகல் அது? அப்படி ஒரு மூலமே எந்தப் புத்தகத்திலும் கிடையாது. பிறகு அந்த நகலுக்குப் பொருத்தமாக மூலம் எழுதப்படுகிறது. நாட்டில் எத்தனையோ சங்கங்களில் இது அன்றாட நடைமுறை. செய்கிறவர்களுக்கு இது தவறு என்ற உறுத்தல்கூட இல்லை.

இதில் என்ன பெரிய தவறு என்று ஒருவர் கேட்கலாம். எல்லோரும் அந்த வேலையைச் செய்யத்தானே சம்மதித்தார்கள் என்று கேட்கலாம்.

ஒரு குழுவில் ஒன்பது பேர் இருக்கிறார்கள். ஒரு தீர்மானத்துக்கு ஏழு பேர் ஆதரவு. அந்த ஏழு பேருக்கும் ஒரே காரணம் இருந்ததா? கிடையாது. ஒருவர் வேலை அவசரம் என்று ஆதரித்தார். ஒருவர் மூன்று விலைப்புள்ளி என்ற நிபந்தனை இருப்பதால் ஆதரித்தார், அது இல்லாவிட்டால் எதிர்த்திருப்பார். ஒருவர் நான்கு லட்சத்தில் முடியாது, எப்படியும் மறுபடி நம்மிடம் வருவார்கள் என்று கணக்குப் போட்டு ஆதரித்தார். இன்னொருவருக்கு வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டது. ஏழு மனங்களில் ஏழு நியாயம். அந்த ஏழு பேருக்கும் பொதுவாக இருந்தது அந்த வாசகம் ஒன்றுதான். கருத்து அதுதானே என்று சொல்கிறவர் யாருடைய கருத்தைச் சொல்கிறார்? குழுவுக்கு என்று தனியாக ஒரு மனம் கிடையாது. வாசகம்தான் குழுவின் மனம். அதை மாற்றிவிட்டால் அங்கே சம்மதம் என்று எதுவும் மிஞ்சுவதில்லை, எழுதியவருடைய ஊகம்தான் மிஞ்சுகிறது.

நம் நாட்டுக் கம்பெனிச் சட்டம் இதைத் தெளிவாகப் புரிந்து வைத்திருக்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 118ஆம் பிரிவு, கூட்டம் முடிந்த 30 நாளுக்குள் நடவடிக்கைக் குறிப்பு புத்தகத்தில் ஏறிவிட வேண்டும் என்கிறது. இயக்குநர் குழுக் கூட்டத்தில் யார் தீர்மானத்தை எதிர்த்தார், யார் உடன்படவில்லை என்பதும் பெயரோடு பதிவாக வேண்டும். இப்படி முறையாக எழுதப்பட்ட குறிப்பு நடந்ததற்குச் சான்று. மாறாக நிரூபிக்கப்படும் வரை, கூட்டம் ஒழுங்காக நடந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். அதே பிரிவின் கடைசியில், குறிப்பைச் சிதைத்து மாற்றியதாகக் குற்றம் நிரூபிக்கப்பட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. தேர்வுக்குப் படிப்பவர்கள் பிரிவு எண்ணை மனப்பாடம் செய்துவிட்டு இந்தத் தண்டனையைத் தாண்டிப் போய்விடுகிறீர்கள். அதை நின்று படியுங்கள்.

கம்பெனிச் செயலாளர்கள் கழகம் வகுத்த செயலக நெறிமுறை இன்னும் நுணுக்கமாகப் போகிறது. வரைவுக் குறிப்பைக் கூட்டம் முடிந்த 15 நாளுக்குள் எல்லா இயக்குநர்களுக்கும் அனுப்ப வேண்டும். அனுப்பிய 7 நாளுக்குள் அவர்கள் தம் கருத்தைச் சொல்லலாம். புத்தகத்தில் ஏறிய பிறகு மாற்றக் கூடாது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அடுத்த கூட்டத்தில் குழுவின் வெளிப்படையான ஒப்புதலோடு மாற்றலாம், மாற்றினோம் என்பது அந்த அடுத்த கூட்டத்தின் குறிப்பில் பதிவாக வேண்டும். மாறுவதற்கு ஒரு வாசல் இருக்கிறது, ஆனால் அது எல்லோர் கண்ணுக்கும் தெரியும் வாசல்.

தலைவருக்கு ஒரு விருப்புரிமை உண்டே என்று மூத்தவர்கள் சிலர் நினைப்பீர்கள். உண்டு. பிறரை இழிவுபடுத்துவது, கூட்டப் பொருளுக்குத் தொடர்பில்லாதது, கம்பெனியின் நலனுக்குக் கேடானது என்று தலைவர் கருதும் விஷயங்களைக் குறிப்பில் சேர்க்காமல் விடலாம் என்று அதே 118ஆம் பிரிவு சொல்கிறது. அந்த உரிமையைத் தலைவர்கள் வசதிக்கு ஏற்ப இழுத்துக்கொண்டே போகிறார்கள். ஒருவர் கோபத்தில் வீசிய வசையை விடலாம், அது உரையாடல். நிறைவேறிய தீர்மானத்தில் இருக்கும் ஒரு நிபந்தனை உரையாடல் ஆகாது. அதை விடுவது தொகுத்து எழுதுவதும் ஆகாது. சட்டம் கொடுத்த உரிமை இந்த எல்லையைத் தாண்டாது என்பது என் உறுதியான கருத்து.

சட்டத்தை இவ்வளவோடு நிறுத்திக்கொண்டு, ஒரு வழக்கைச் சொல்கிறேன். இந்தப் பொருளில் உலகத்திலேயே அதிகம் படிக்க வேண்டிய வழக்கு இதுதான் என்பேன். ஆஸ்திரேலியாவில் நடந்தது.

ஜேம்ஸ் ஹார்டி என்ற கம்பெனி. பல பத்தாண்டுகள் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமென்ட் தகடுகளும் பிற பொருள்களும் செய்து விற்றது. ஆஸ்பெஸ்டாஸ் தூசு நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. இருபது, முப்பது, நாற்பது ஆண்டு கழித்து மீசோதீலியோமா என்ற புற்றுநோயாக எழுந்து வரும். அந்தத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்கள், கணவரின் வேலை உடுப்பைத் துவைத்த மனைவியர், தகட்டை அறுத்து வீடு கட்டியவர்கள் என்று நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். இன்னும் பல ஆண்டு வருவார்கள் என்பதும் தெரியும். கம்பெனி ஒரு வழி யோசித்தது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் பொறுப்புகளைச் சுமக்கும் துணைக் கம்பெனிகளைத் தாய்க் கம்பெனியிலிருந்து பிரித்து, ஒரு அறக்கட்டளையிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்குவது என்பது அந்த வழி.

2001 பிப்ரவரி 15 அன்று இயக்குநர் குழு கூடி இதற்கு ஒப்புதல் தந்தது. மறுநாள் பங்குச் சந்தைக்கு அறிவிப்பு போயிற்று. உண்மையான இழப்பீட்டுக் கோரிக்கைகள் அத்தனையையும் சந்திக்கும் அளவுக்கு அறக்கட்டளைக்கு முழு நிதி தரப்பட்டிருக்கிறது என்பது அந்த அறிவிப்பின் சாரம். அது உண்மையாக இல்லை. சில ஆண்டுகளிலேயே நிதி போதாது என்று தெரிந்தது. 2004இல் டேவிட் ஜாக்சன் தலைமையில் நடந்த அரசு விசாரணை, பற்றாக்குறை எவ்வளவு பெரியது என்பதை வெளியே கொண்டுவந்தது. பெர்னி பாண்டன் என்ற முன்னாள் தொழிலாளி மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு கூட்டத்துக்குக் கூட்டம் போய்ப் பேசினார். அவரையும் தொழிற்சங்கங்களையும் எதிர்கொள்ள முடியாமல் கம்பெனி புதிய இழப்பீட்டு ஏற்பாட்டுக்கு இறங்கி வந்தது. 2007 நவம்பரில் பாண்டன் அதே நோயில் இறந்தார்.

நம் பொருளுக்கு வருகிறேன். அந்தப் பொய்யான அறிவிப்புக்கு யார் பொறுப்பு? ஆஸ்திரேலியாவின் கம்பெனி ஒழுங்குமுறை ஆணையம் 2007இல் இயக்குநர்கள் மேல் வழக்குப் போட்டது. ஆணையத்தின் முக்கியச் சான்று மினிட் புத்தகம். அறிவிப்பின் வரைவு கூட்டத்தில் வைக்கப்பட்டது, குழு அதை அங்கீகரித்தது என்று குறிப்பில் இருந்தது. அந்தக் குறிப்பை இதே இயக்குநர்கள் ஏப்ரல் மாதக் கூட்டத்தில் சரி என்று ஏற்றிருந்தார்கள். ஆனால் நீதிமன்றத்தில் அவர்கள், அப்படி ஒரு வரைவு எங்கள் முன் வரவில்லை, நாங்கள் அங்கீகரிக்கவில்லை என்றார்கள். விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது. குறிப்பின் வரைவு, கூட்டம் நடப்பதற்கு முன்பே வழக்கறிஞர்களால் எழுதித் தயாராக வைக்கப்பட்டிருந்தது. அதில் வேறு பிழைகளும் இருந்தன.

வழக்கின் இன்னொரு இழை இன்றைய பேச்சின் நடுவில் வந்து உட்காருகிறது. கூட்டத்தில் வைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் வரைவுக்கும் மறுநாள் சந்தைக்குப் போன அறிவிப்புக்கும் வாசகத்தில் சில வேறுபாடுகள் இருந்தன. கூட்டம் முடிந்த பிறகு யாரோ திருத்தியிருக்கிறார்கள். இயக்குநர்கள் தரப்பு இதையே வாதமாக எடுத்தது. போர்டு முறைப்படி அங்கீகரித்த வாசகத்தை எந்த அதிகாரியாவது தன் இஷ்டத்துக்குத் திருத்துவாரா? திருத்தப்பட்டிருக்கிறது என்றால் அங்கீகாரமே நடக்கவில்லை என்றுதானே பொருள்? 2009இல் விசாரணை நீதிபதி இயக்குநர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அங்கீகாரம் போதிய அளவில் நிரூபிக்கப்படவில்லை என்று அவர்கள் பக்கம் சாய்ந்தது. 2012 மே 3 அன்று ஆஸ்திரேலியாவின் உச்சபட்ச நீதிமன்றம் அதை மாற்றியது. நடந்ததை ஒட்டி எழுதப்பட்டு, பிறகு குழுவாலேயே ஏற்கப்பட்ட குறிப்பு வலுவான சான்று. அதில் வேறு பிழைகள் இருப்பதாலோ, பிறகு அறிவிப்பில் சொற்கள் மாறியதாலோ அது உதிர்ந்துவிடாது. இயக்குநர்கள் கடமை தவறினார்கள். அவர்களுக்கு அபராதமும், குறிப்பிட்ட காலம் எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக இருக்கத் தடையும் விழுந்தன.

இரண்டு இயக்குநர்கள் அன்றைய கூட்டத்தில் அமெரிக்காவிலிருந்து தொலைபேசி வழியாகக் கலந்துகொண்டவர்கள். வரைவின் நகல் எங்கள் கையில் இல்லை என்றார்கள். நகல் இல்லாவிட்டால் கேட்டிருக்க வேண்டும், வாசகம் தெரியாமல் ஒப்புதல் தருவதும் கடமை தவறுவதுதான் என்று அவர்களுக்கும் பதில் கிடைத்தது. காணொளியில் கூட்டம் நடத்திப் பழகிவிட்ட நாம் இதை மறக்கவே கூடாது. திரையில் பகிரப்பட்ட பக்கம் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு கட்டை விரலைக் காட்டுகிறவர்கள் அந்த இரண்டு பேர் நின்ற இடத்தில்தான் நிற்கிறார்கள்.

இந்த வழக்கை நான் இவ்வளவு நேரம் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வாசகத்தைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்ற பழக்கம் ஒரு போர்டுக்குள் புகுந்துவிட்டால், எது தீர்மானம் என்று அந்த போர்டுக்கே தெரியாமல் போய்விடும். வெளியிலிருந்து பார்க்கிற ஒரு தொழிலாளியின் விதவைக்கு எப்படித் தெரியும்? மூன்று நீதிமன்றங்கள், ஐந்து ஆண்டுகள், மிகச் சிறந்த வழக்கறிஞர்கள் எல்லாம் சேர்ந்து தேட வேண்டியிருந்தது, 2001 பிப்ரவரியில் ஒரு நாள் அந்த அறைக்குள் என்ன வாசகம் நிறைவேறியது என்பதை. அந்த ஐந்து ஆண்டுகளிலும் நோய் காத்திருக்கவில்லை.

நம் ஊருக்கு வருவோம். உத்திரமேரூர் என்றதும் குடவோலை என்பார்கள். பள்ளிப் புத்தகத்திலிருந்து அரசியல் மேடை வரை அதைத் தேர்தலுக்கு மட்டுமே எடுத்துக்காட்டுகிறார்கள். எனக்கு அந்த ஊர்க் கல்வெட்டுகளில் பிடித்தது வேறு. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருப்பவை முதலாம் பராந்தக சோழன் காலத்து இரண்டு தீர்மானங்கள். ஒன்று அவனுடைய 12ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 919. மற்றது 14ஆம் ஆட்சியாண்டு, 921. முதலாவதில் வாரிய உறுப்பினராக நிற்பவருக்கு வயது 30க்கு மேல் 60க்குள் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். இரண்டாவதில் 35க்கு மேல் 70க்குள் என்று மாற்றினார்கள். தகுதி, தகுதியின்மை விதிகளும் விரிவாயின. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினர்களும் நிற்க முடியாது என்ற விதிகூட அதில் உண்டு.

எப்படி மாற்றினார்கள் என்று பாருங்கள். பழைய எழுத்தைச் செதுக்கி எடுத்துவிட்டுப் புது எண்ணைப் பொறிக்கவில்லை. சபை மறுபடி கூடியது. அரசனின் ஆணையோடு வந்த அதிகாரி உடனிருந்தார். புதிய தீர்மானம் தனியாக, தன் ஆண்டுக் குறிப்போடு பொறிக்கப்பட்டது. சபைப் பெருமக்கள் பணிக்க, மத்தியஸ்தனாகிய நான் எழுதினேன் என்று எழுதியவர் தன் பெயரையும் பொறுப்பையும் கீழே பதித்தார். அவர் முடிவெடுத்தவர் அல்ல, முடிவெடுத்தவர்கள் சொல்ல எழுதியவர். அந்த வேறுபாட்டைக் கல்லிலேயே வைத்துவிட்டார்கள். இரண்டு தீர்மானமும் இருப்பதால்தான், இரண்டு ஆண்டில் அவர்கள் மனம் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று ஆயிரத்து நூறு ஆண்டுக்குப் பிறகும் நம்மால் படிக்க முடிகிறது. அது நிலமுள்ள பிராமணர்களின் சபை, ஊரில் பெரும்பாலோருக்கு அதில் இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தச் சபையின் சமூகத்தை நான் புகழவில்லை. அதன் பதிவு ஒழுக்கத்தைச் சொல்கிறேன்.

இன்றைய கிராம சபையில் எல்லா வாக்காளருக்கும் இடம் உண்டு. 1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அந்த உரிமையைத் தந்திருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கூடிவந்த சபை, இப்போது மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கூடுகிறது. ஆனால் பல ஊர்களில் என்ன நடக்கிறது? வந்ததும் வராததுமாக ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அது வருகைக் கையெழுத்தா, தீர்மானத்துக்குப் போட்ட கையெழுத்தா என்பது பிறகு எழுதப்படுகிற வாசகத்தைப் பொறுத்து மாறுகிறது. நூறு நாள் வேலைக் கூலி பாக்கியைக் கேட்கப் போன அம்மா ஒருவர், ஊர்ப் புறம்போக்கில் குப்பைக் கிடங்கு அமைக்கச் சம்மதித்தவர்களில் ஒருவராகி நிற்க முடியும். அவருக்கு அது தெரியவே தெரியாது.

இது வெறும் கற்பனை அச்சம் இல்லை. மத்தியப் பிரதேசத்தின் மகான் காட்டுப் பகுதியில், நிலக்கரிச் சுரங்கத்துக்காக அமீலியா என்ற ஊரில் 2013 மார்ச்சில் கிராம சபை நடந்தது. கூட்டத்துக்கு வந்தவர்கள் இருநூறு பேருக்கும் குறைவு, தீர்மானத்தில் இருப்பதோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்து, அதில் இறந்துபோனவர்களின் பெயரும் இருக்கிறது என்று ஊர்க்காரர்கள் முறையிட்டார்கள். தாங்கள் கூடிய கூட்டத்தின் தீர்மானத்தையே எதிர்த்து அவர்கள் போராட வேண்டியிருந்தது.

அதே ஆண்டு, அடுத்த மாதம், உச்ச நீதிமன்றம் நியம்கிரி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒடிசாவில் டோங்கிரியா கோந்து மக்கள் தெய்வமாகக் கருதும் மலை. அதில் பாக்சைட் வெட்டலாமா என்று கிராம சபைகளே சொல்லட்டும் என்றது நீதிமன்றம். அதோடு நிற்கவில்லை. மாவட்ட நீதிபதி நிலையில் உள்ள ஒரு நீதித்துறை அலுவலர் அந்தக் கூட்டங்களில் பார்வையாளராக இருக்க வேண்டும், நடவடிக்கைக் குறிப்பில் கையெழுத்திட வேண்டும், சுரங்கக் கம்பெனியின் தலையீடோ அரசுகளின் தலையீடோ இல்லாமல் கூட்டம் நடந்தது என்று சான்றளிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. நீதிபதிகள் யோசித்திருக்கிறார்கள். மக்கள் வாய்திறந்து என்ன சொன்னாலும், காகிதத்தில் ஏறுவதை யார் பார்ப்பது? அந்த ஜூலையிலும் ஆகஸ்டிலும் 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. அந்த வேண்டாம் அப்படியே டெல்லி வரை போய்ச் சேர்ந்தது.

எல்லா ஊருக்கும் மாவட்ட நீதிபதி வர முடியாது. அதனால் நம்மால் முடிந்ததைச் சொல்கிறேன். வாக்கெடுப்புக்கு முன் தலைவர் தீர்மானத்தை வாய்விட்டு முழுதாக வாசிக்க வேண்டும். யாராவது திருத்தம் சொன்னால், "அதையும் சேர்த்துக்கொள்ளலாம்" என்று தலையாட்டிவிட்டு அடுத்த பொருளுக்குத் தாவக் கூடாது. திருத்தம் சொன்னவரே அதைத் தாளில் எழுதித் தரட்டும். அதைச் சேர்த்து மறுபடி வாசித்துவிட்டுக் கை தூக்கச் சொல்லுங்கள். கால் மணி நேரம் கூடுதலாகும், ஆகட்டும். நிறைவேறிய வாசகம் எழுதிய தாளில் முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவரும் அங்கேயே சுருக்கொப்பம் போடட்டும். கூட்டம் தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் எழுதுங்கள். பக்கங்களுக்கு எண் கொடுங்கள். வெற்றிடம் விட்டால் கோடு போட்டு அடியுங்கள். கிராம சபைக்குப் போகிறவர்கள் தீர்மானம் எழுதாத பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், பிறகு நகல் கேளுங்கள். தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

எழுத்துப் பிழை இருந்தால்கூடத் தொடக் கூடாதா என்று ஒரு தம்பி வெளியே நிற்கும்போது கேட்டார். பெயரில் ஒற்று விட்டுப்போயிருந்தால் திருத்தலாம், திருத்தியதைக் காட்டிச் சுருக்கொப்பம் போட்டால் போதும். எண்ணாக இருந்தால் அப்படி விடாதீர்கள். நான்கு லட்சமா நாற்பது லட்சமா என்பது எழுத்துப் பிழை என்ற பெயரில் உள்ளே வரக் கூடாது. திருத்துவதால் யாருக்காவது கொஞ்சமாவது லாபமோ நஷ்டமோ உண்டா என்று பாருங்கள். உண்டு என்றால் அது அடுத்த கூட்டத்துக்குப் போக வேண்டிய விஷயம். தீர்மானமே தவறாக நிறைவேறிவிட்டது, செயல்படுத்தினால் கேடு வரும் என்று தெரிந்தாலும் வழி அதுதான். அவசரக் கூட்டம் கூட்டுங்கள், கம்பெனியாக இருந்தால் சட்டம் அனுமதிக்கிற விஷயங்களில் சுற்றுக்கு விட்டு ஒப்புதல் வாங்குங்கள். வங்கி நீட்டுகிற மாதிரி வாசகத்தை அஜெண்டாவிலேயே சேர்த்து, கூட்டத்தில் வாசித்து நிறைவேற்றுங்கள். ஒரு வாரம் தாமதமாகும். கணக்குத் திறப்பது ஒரு வாரம் தாமதமானதால் மூடப்பட்ட சங்கம் எதையும் நான் பார்த்ததில்லை.

கடைசியாக, இளைஞர்களுக்கு. உங்கள் தலைமுறை மினிட் புத்தகத்தைக் கையால் எழுதப் போவதில்லை. வரைவு ஒரு பகிர்வுக் கோப்பில் இருக்கும், பத்துப் பேருக்குத் திருத்தும் அனுமதி இருக்கும். கூட்டம் முடிந்த இரவு யாரோ ஒருவர் படுக்கையில் படுத்தபடி கைபேசியில் ஒரு சொல்லை அழிக்க முடியும். பழைய புத்தகத்தில் அழித்தால் தாள் காட்டிக் கொடுத்தது, மையின் நிறம் காட்டிக் கொடுத்தது. இங்கே பார்க்க நினைத்தால் யார், எந்த நிமிஷம், எதை மாற்றினார் என்ற வரலாறு இன்னும் துல்லியமாக இருக்கிறது. ஆனால் யாரும் பார்ப்பதில்லை. ஆகவே வாக்கெடுப்பு முடிந்ததும், தலைவர் அடுத்த பொருளுக்குப் போவதற்கு முன், நிறைவேறிய வாசகத்தைத் தனியாக எடுத்து, திருத்த முடியாத வடிவில், எல்லா உறுப்பினர்களுக்கும் அதே நிமிஷம் அனுப்பிவிடுங்கள். குறிப்பின் மற்ற பகுதிகளை 15 நாளில் நிதானமாக எழுதிக்கொள்ளலாம். தீர்மானத்தின் வாசகத்துக்கு அந்த 15 நாளும் தேவையில்லை. வாக்கெடுக்கும்போதே அது முழுமையாக இருந்திருக்க வேண்டும். இல்லாத வாசகத்துக்கு வாக்குக் கேட்கும் தலைவரை நிறுத்தி, முதலில் வாசியுங்கள் ஐயா, பிறகு கை தூக்குகிறோம் என்று சொல்ல உங்களில் ஒருவர் எழுந்தால் போதும். அடுத்த மாதம் உங்களில் பலருக்குப் பொதுக்குழு இருக்கிறது என்று அறிகிறேன். அங்கே எழுந்து கேளுங்கள்.